மதுரை வெயிலும் காமிராப் பாடமும்

வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லாத சீமை எது என்று யாரேனும் கேட்டால், வைகைக் கரைச் சமவெளியைத் தயங்காமல் காட்டலாம். அச்சமவெளியில், மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையை ஒட்டி, ஆற்றின் வடகரையில் அமைந்த விளாங்குடி, பேரூராட்சியாக இருந்து 2011இல் மதுரை மாநகராட்சியோடு ஐக்கியமான ஊர். மேற்கே ஆற்றுக்கு அப்பால் நாகமலை நீண்டு கிடக்க, வடகிழக்கே யானைமலை படுத்திருக்க, நடுவில் வெயில் தங்குதடையின்றிக் கொட்டும் இவ்வூரில், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் எடுத்துப் பிழைக்கலாம் என்ற எண்ணத்தோடு முதன்முதலாக ஒரு காமிராவைக் கையில் வாங்குகிற இளைஞன், அதன் உச்சியிலும் முதுகிலும் உள்ள எண்களைக் கண்டு மிரண்டு போவது இயல்பு. அப்பர்ச்சர் என்கிறார்கள், ஷட்டர் வேகம் என்கிறார்கள், ஐ.எஸ்.ஓ. என்கிறார்கள். இவற்றை எப்படித் திருப்புவது என்று காமிராவுடன் வரும் கையேடு சொல்லும். ஏன் திருப்ப வேண்டும் என்று அது சொல்வதில்லை. அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை வேண்டுமானால், இதே மதுரைப் பிராந்தியத்தில் ஏறக்குறைய 165 ஆண்டுகளாகப் படம் பிடித்தவர்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பதே நல்ல உபாயம்.

விஷயத்தின் சாராம்சத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். லென்ஸின் துவாரம் எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறோம் என்பது ஷட்டர் வேகம். உள்ளே வந்த வெளிச்சத்தை ஏற்கும் பொருள் எவ்வளவு சுரணை உள்ளது என்பது ஐ.எஸ்.ஓ. இம்மூன்றும் பண்டமாற்றுச் சந்தையைப் போன்றவை. ஒன்றைக் கொடுக்காமல் இன்னொன்றைப் பெற முடியாது. துவாரத்தை அகலமாகத் திறந்தால் வெளிச்சம் மிகுதியாக வரும், ஆனால் முன்னும் பின்னும் உள்ளவை மங்கிப் போகும். நேரத்தை நீட்டினாலும் வெளிச்சம் மிகும், ஆனால் அசைகிறவை எல்லாம் கலைந்து போகும். சுரணையைக் கூட்டினால் இருட்டிலும் படம் விழும், ஆனால் படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் தோன்றும். எதைக் காப்பாற்றுவது, எதை இழப்பது என்று தீர்மானிப்பதே காமிரா வித்தையின் முதற்பாடம். அந்தத் தீர்மானத்தை ஒவ்வொரு தலைமுறையும் எப்படிச் செய்தது என்பதுதான் இக்கலையின் சரித்திரம்.

1839இல் பாரிஸில் டாகரின் புகைப்பட முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. 1841இல் இங்கிலாந்தில் டால்பட் காகித நெகட்டிவ் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அவ்வித்தை சென்னை ராஜதானியில் வேரூன்றிவிட்டது. டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் நிறுவிய கலைப்பள்ளியில் புகைப்படப் பயிற்சியும் சேர்ந்தது. 1856இல் சென்னையில் ஒரு புகைப்படச் சங்கமும் ஏற்பட்டது. கோயில்களையும் சாஸனங்களையும் சித்திரக்காரர்களைக் கொண்டு வரைவிப்பதைவிடக் காமிராவினால் பதிவு செய்வது துரிதமும் துல்லியமும் ஆகும் என்று கிழக்கிந்தியக் கம்பெனியார் கருதத் தொடங்கியிருந்த காலம் அது. அந்நோக்கத்தோடு 1856இல் ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமனம் பெற்றவர், சென்னைச் சுதேசக் காலாட்படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் ட்ரைப் என்பவர். அதற்கு முந்தின ஆண்டு பர்மா மன்னரிடம் சென்ற தூதுக்குழுவோடு போய்ப் படம் பிடித்துப் பழகிய கை அவருடையது. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற அய்யாசாமி என்ற தமிழர் அவருக்கு உதவியாளராக அமைந்தார்.

1857ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட ட்ரைப், 1858ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் மதுரையில் வேலை செய்தார். வைகையின் குறுக்கே அமைந்த தரைப்பாலம், யானைமலை, தெப்பக்குளம், புது மண்டபம், மீனாட்சியம்மன் ஆலயத்தின் ஆபரணங்கள், அப்போது இடிந்து சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மஹால், கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்டு இன்று விளக்குத்தூண் என்று வழங்கும் ஸ்தம்பம் ஆகியவை எல்லாம் அவர் படங்களில் இடம்பெற்றன. அவருடைய படத் தொகுப்புகளில் மதுரைக்கு மட்டும் நான்கு பாகங்கள் வெளியாயின என்றால் அவர் இவ்வூரில் எவ்வளவு ஊன்றி உழைத்தார் என்பது விளங்கும்.

அவர் கையாண்ட முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஓரடி அகலமும் ஒன்றேகால் அடி நீளமும் உள்ள மெல்லிய காகிதத்தில் உருக்கிய மெழுகை ஊட்டி, அயோடைடு கரைசலில் ஊறவைத்து உலர்த்தி, வெள்ளி நைட்ரேட் திராவகத்தில் தோய்த்து, இருட்டிலேயே வைத்திருந்து காமிராவுக்குள் செருக வேண்டும். படம் பிடித்த பின் காலிக் அமிலத்தில் நெடுநேரம் கிடத்தினால்தான் உருவம் மெல்ல எழும். 1851இல் ஆர்ச்சர் கண்டுபிடித்த ஈரக் கலோடியன் கண்ணாடித் தகடு இதைவிட விரைவாகப் படம் பிடிக்கும். ஆனால் பூச்சு உலருவதற்குள், அதாவது சில நிமிஷங்களுக்குள், எல்லா வேலைகளையும் முடித்தாக வேண்டும். மதுரை வெயிலில் அந்தப் பூச்சு எவ்வளவு நேரம் ஈரமாயிருக்கும்? மெழுகுக் காகிதத்தையோ முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஏற்றிச் செல்லலாம். ஆகவே ட்ரைப் வேகத்தைக் கைவிட்டு வசதியைப் பெற்றுக்கொண்டார். காகிதத்தின் சுரணை மிகக் குறைவு. நல்ல வெயிலில்கூட மூடியைக் கழற்றிவிட்டுப் பல நிமிஷங்கள் காத்திருக்க வேண்டும். அக்காலத்தில் ஷட்டர் என்பது தனி யந்திரமன்று. லென்ஸின் மூடியும் அதை எடுத்து மாட்டும் கையுமே ஷட்டர்.

அவருக்குக் கிடைத்தவையும் கிடைக்காமற் போனவையும் அப்படங்களிலேயே தெரிகின்றன. தூண்களின் சிற்ப நுணுக்கமும் சுவர்களின் காரைச் சிதைவும் விரலால் தொட்டறியத்தக்க தெளிவோடு வந்தன, ஜனங்களோ வரவில்லை. அசையாமல் நிற்கச் சொல்லி நிறுத்திய ஒருவர் இருவர் தவிர, தெருவில் நடந்தவர்கள் தடமின்றி மறைந்தார்கள். பழைய படங்களில் மதுரை ஆளரவமற்ற ஊராகத் தோன்றுவதற்குக் காரணம் ஊரன்று, எக்ஸ்போஷர், அதாவது வெளிச்சம் விழவிட்ட நேரந்தான். ஆகாயமும் அவ்வாறே: அக்காலத்து ரஸாயனப் பூச்சு நீலத்துக்கு மட்டுமே கூர்மையாக எதிர்வினை காட்டியதால், கட்டிடம் துலங்கும் அளவுக்கு வெளிச்சம் ஏறுவதற்குள் வானம் வெறும் வெளுப்பாகிவிடும். அந்தக் குறையைப் போக்க ட்ரைப் நெகட்டிவின்மேல் தம் கையாலேயே சாயந்தீட்டி மேகங்களை உண்டாக்கினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்துச் சாஸனங்களை இருபத்தொரு படங்களாகப் பிடித்து ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கிய அவருடைய அசாத்தியப் பொறுமைக்கு, அரசாங்கத்தின் பொறுமை ஈடுகொடுக்கவில்லை. 1859இல் கவர்னராக வந்த டிரெவெலியன், இச்செலவு ராஜதானிக்கு ஆகாது என்று கருதி அரசாங்கப் புகைப்படப் பிரிவையே மூடச் செய்தார்.

ட்ரைப்புக்குப் பின் 1860களில் சென்னை நிக்கலஸ் கம்பெனியாரும், கேப்டன் லயனும், சாமுவேல் போர்னும் மதுரைக்கு வந்து படம் பிடித்துச் சென்றனர். அவர்களெல்லாம் வந்து போனவர்கள். வித்தை உள்ளூரில் தங்குவதற்கு இரண்டு சம்பவங்கள் வழி செய்தன. 1871இல் டாக்டர் மேடக்ஸ் என்பவர் ஜெலட்டின் பூசிய உலர் தகட்டுக்கு வழி காட்டினார். 1875இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. இன்றைய விளாங்குடிக்குப் பக்கத்தில் கூடல் நகர் நிலையத்தைக் கடந்து செல்லும் அதே தடந்தான் அது. நாளடைவில் தகடுகளைக் கடையிலேயே பெட்டியாக வாங்கலாம் என்ற நிலை வந்தபோது, ரஸாயன சாஸ்திரி ஆகாமலே புகைப்படக்காரர் ஆகலாம் என்ற வாய்ப்பும் கூடவே வந்தது.

இவ்வாறு தோன்றியவைதாம் ஸ்டூடியோக்கள். மின்விளக்கு பரவாத காலத்தில் மேற்கூரையில் கண்ணாடி பதித்து, அதன் கீழ் வெள்ளைத் துணித் திரைகளைக் கயிற்றால் இழுத்தும் தள்ளியும் வெளிச்சத்தைப் பதப்படுத்தினார்கள். மாளிகைத் தூணும் படிக்கட்டும் பூங்காவனமும் தீட்டிய திரை பின்னால் தொங்கும். வட்ட மேஜையும் பூச்சாடியும் பக்கத்தில் இருக்கும். நீண்ட எக்ஸ்போஷரில் தலை ஆடாதிருக்கப் பிடரியைத் தாங்கும் இரும்புக் கவை ஒன்றும் பின்னால் ஒளிந்திருக்கும். பழைய குடும்பப் படங்களில் பாட்டன்மாரும் பாட்டிமாரும் முறைத்துப் பார்ப்பதுபோல் தோன்றுவதற்கு அவர்களுடைய சுபாவம் காரணமன்று. சிரிப்பைச் சில விநாடிகள் மாறாமல் தாங்குவது யாருக்கும் எளிதன்று, முறைப்பைத் தாங்குவது எளிது.

ஸ்டூடியோவில் தொழில் கற்பது ஒரு குருகுல வாசமாகவே நடந்தது. சேர்ந்த புதிதில் பையன் கையில் யாரும் காமிராவைக் கொடுப்பதில்லை. இடத்தைப் பெருக்குவது, தட்டுக்களைக் கழுவுவது, பிரிண்டுகளை ஹைப்போவிலிருந்து எடுத்துத் தண்ணீரில் அலசுவது என்று தொடங்கி, பிறகு டார்க் ரூமில் சிவப்பு விளக்கின் கீழ் டெவலப்பர் தட்டை ஆட்டிக்கொண்டு உருவம் எழும் வேகத்தைக் கண்ணால் கணிப்பது, அதன் பின் கூர்பென்சிலால் நெகட்டிவில் டச்சிங் செய்வது எனப் படிப்படியாக ஏறி, கடைசியில்தான் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்க அனுமதி கிடைக்கும். இக்காலத்து மாணவன் முதலில் படம் எடுத்துப் பிறகு திருத்தக் கற்கிறான். அந்த ஸ்டூடியோப் பையனோ பிறர் எடுத்த படங்களின் பிழைகளைக் கழுவிக் கழுவியே எக்ஸ்போஷர் என்பதன் சூக்ஷ்மத்தை அறிந்தான். வெளிச்சம் குறைந்தால் நெகட்டிவ் வெறுங்கண்ணாடியாய் இருக்கும், மிகுந்தால் கரிபிடித்தாற்போல் அடர்ந்திருக்கும் என்ற ஞானம் புத்தகத்திலிருந்து வந்ததன்று.

அந்த ஸ்டூடியோக்களின் திறமைக்கு ஓர் உரைகல்லாக, பூ தைத்த சடையோடு பெண்களை நிறுத்தி எடுத்த படத்தைச் சொல்லலாம். வளைகாப்புக்கோ சடங்குக்கோ மல்லிகை மொட்டுக்களைப் பின்னலின்மேல் வரிசையாக வைத்துத் தைத்து, தாழம்பூவும் சேர்த்து அலங்கரித்த பின், அந்த அலங்காரம் வாடுவதற்குள் ஸ்டூடியோவுக்குப் போய்விட வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்களின் கட்டளை. முகமும் தெரிய வேண்டும், முதுகில் தொங்கும் சடையும் தெரிய வேண்டும். ஆகவே பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியைச் சற்றுச் சாய்வாக நிறுத்தினார்கள். பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில்தான் அப்பர்ச்சரின் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது. கண்ணாடியில் தெரியும் சடை, காமிராவின் கணக்கில் கண்ணாடியின் பரப்பில் இல்லை. காமிராவிலிருந்து கண்ணாடி வரையுள்ள தூரத்தோடு, கண்ணாடியிலிருந்து சடை வரையுள்ள தூரத்தையும் கூட்டினால் வரும் இடத்தில் இருக்கிறது. முகம் ஆறடியில் இருந்தால் சடையின் பிம்பம் ஒன்பதடியில் இருக்கலாம். லென்ஸை அகலத் திறந்து முகத்துக்கு ஃபோகஸ் செய்தால் அத்தனை மல்லிகையும் வெறும் வெள்ளைப் புகையாகிவிடும். கண்ணாடிக்கு ஃபோகஸ் செய்தாலோ இரண்டும் கெடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளியைத் தேர்ந்து, துவாரத்தை, அதன் அளவைக் குறிக்கும் எஃப் எண்ணில் சொன்னால் எஃப்-16 வரையில், சுருக்கி, அதனால் குறைந்த வெளிச்சத்தை நேரத்தால் ஈடுகட்டி, ‘ஆடாதே அம்மா, மூச்சை அடக்கிக்கொள்’ என்று சொல்லி எடுத்தால்தான் முகமும் பூவும் ஒருங்கே துலங்கும். ஒளியியல் சாஸ்திரம் படிக்காத கைகள் இதைத் தினந்தோறும் செய்தன.

நிறத்தின் தொல்லை வேறு. நீலத்துக்கும் பச்சைக்கும் மட்டுமே இசைந்த பழைய தகடுகளில் சிவப்பு கறுப்பாகவே விழும். நெற்றிக் குங்குமம் கரிப்பொட்டாயிற்று. அரக்குப் புடவை கறுப்புச் சேலையாயிற்று. நம்மவரின் மாநிறம் உள்ளதைவிட இருண்டு தோன்றிற்று. வாடிக்கைக்காரர்கள் மனம் கோணாதிருக்க முகத்துக்குப் பவுடர் பூசியும், டச்சிங் பென்சிலால் மெருகேற்றியும், பிறகு பிரிண்டின்மேல் வர்ணம் தீட்டியும் சமாளித்தார்கள். சிவப்பையும் உணரும் பிலிம் வழக்கில் வந்த பின்னரே குங்குமம் தன் சாயலைப் பெற்றது. ஆனால் அதே காரணத்தால் டார்க் ரூமின் சிவப்பு விளக்கை, பிலிமைக் கழுவும்போது, அணைத்துவிட வேண்டியதாயிற்று. இங்கும் ஒன்றைக் கொடுத்தே ஒன்றைப் பெற்றார்கள்.

கண்ணாலும் கையாலும் செய்த இக்கணிப்புக்கள் எண்களாக மாறியது இன்னொரு தனிக் கதை. தகட்டின் சுரணையை முறையாக அளந்து சொல்ல முடியும் என்று ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் 1890இல் நிரூபித்தார்கள். கைக்கு அடக்கமான லைகா காமிரா 1925இல் விற்பனைக்கு வந்தது. வெளிச்சத்தை மின்சார முள்ளால் காட்டும் வெஸ்டன் மீட்டர் 1932இல் வந்தது. மீட்டர் வாங்க வசதியற்ற நம் ஊர்க்காரர்களுக்கு, பிலிம் பெட்டிக்குள் வரும் துண்டுச் சீட்டே சாஸ்திரமாயிற்று. அதன் கணக்கு இதுதான்: நிர்மலமான வெயிலில் துவாரத்தை எஃப்-16இல் வைத்து, பிலிமின் வேக எண், அதாவது சுரணை, 100 ஆனால் ஷட்டரை ஏறக்குறைய 1/100 விநாடியில், அதாவது காமிராவில் உள்ள 1/125இல் வைக்க வேண்டும். மெல்லிய மேகம் படர்ந்தால் எஃப்-11. வானம் மூடினால் எஃப்-8. வேப்பமரத்து நிழலுக்குள் ஒதுங்கினால் எஃப்-5.6 அல்லது எஃப்-4. ஒவ்வொரு படியிலும் துவாரம் உள்ளே விடும் அளவு இரண்டு மடங்காகும். இக்காலத்து மாணவனும் விளாங்குடியின் ஆற்றங்கரையில் ஒரு நண்பகலில் நின்று, மீட்டரைப் பாராமல் இக்கணக்கை மட்டும் நம்பிப் படம் எடுத்துப் பார்க்கலாம். படம் சரியாகவே விழும். பிறகு சாயங்காலம் அதே இடத்தில் நாகமலைக்குப் பின் சூரியன் இறங்கும்போது நிமிஷத்துக்கு நிமிஷம் அக்கணக்கு எப்படிச் சரிகிறது என்று குறித்துக்கொண்டே போனால், ஒரு மாதத்துப் படிப்பு ஒரு மாலையில் முடியும்.

இக்கலையை முறையாகப் பள்ளியில் சேர்ந்து கற்ற தமிழரும் உண்டு. கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ. கே. செட்டியார், 1930களில் டோக்கியோவுக்குச் சென்று புகைப்படக் கலை பயின்று, பின்னர் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றார். மகாத்மாவைப் பற்றிய படச்சுருள்களை உலகெங்கும் அலைந்து சுமார் 50,000 அடி அளவுக்குத் திரட்டி, 1940இல் ஒரு முழு ஆவணப்படமாக வெளியிட்ட அவருடைய முயற்சி நாம் அறிந்ததே. பிறர் எடுத்த சுருள்களில் எது தெளிவு, எது மங்கல், எதைக் கொள்ளலாம், எதைத் தள்ளலாம் என்று தேறுவதற்கு, தாமே காமிரா பிடித்துப் பழகிய கண் எவ்வளவு துணை செய்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

சாமானியர் கையில் காமிரா தவழ்ந்தது அதற்கும் பின்னர்தான். இந்தியாவிலேயே தயாரான ஆக்பா கிளிக் 3 போன்ற எளிய காமிராக்களில், வெயிலா மேகமா என்று பார்த்துக்கொண்டால் போதும், பெரும்பாலும் வேறு விசாரமில்லை. உதகமண்டலத்தில் 1960இல் ஸ்தாபிதமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் சுதேசப் பிலிமையே விற்றது. ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள். ஆகவே ஒவ்வொன்றையும் ஒருமுறைக்கு இருமுறை யோசித்தே எடுத்தார்கள். கல்யாண வீடுகளில் படமெடுப்பவர் தாலி கட்டும் தருணத்துக்கென்று இரண்டு படங்களையாவது மிச்சம் வைத்துக்கொள்வதில் காட்டிய ஜாக்கிரதை, எண்ணின்றி எடுத்துத் தள்ளும் இக்காலத்தில் அரிதாகிவிட்ட குணம். அந்தப் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தோர் தமிழ்நாடெங்கும் தேடி மின்பதிவு செய்து பாதுகாத்திருப்பது நன்றிக்குரியது.

இப்போது டிஜிட்டல் காமிராவின் காலம். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் விடியற்காலையை எண்ணிப் பாருங்கள். சூரியன் இன்னும் உதிக்கவில்லை. தங்கக் குதிரை தீவட்டியிலும் மின்விளக்கிலும் மின்னுகிறது. அழகர் வேடமிட்டவர்கள் தோல்பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். ட்ரைப் இவ்வேளையில் காமிராவின் மூடியைத் திறந்திருந்தால் கறுப்பைத் தவிர வேறொன்றும் கண்டிருக்கமாட்டார். இன்றைய மாணவன் எஃப்-2.8இல் துவாரத்தைத் திறந்து, சுரணையை 3200க்கு உயர்த்தி, 1/250 விநாடியில் தண்ணீர்த் தாரையை அந்தரத்தில் துளித்துளியாக நிறுத்திவிடுகிறான். ஆனால் அவனும் விலை கொடுக்கத்தான் கொடுக்கிறான்: ஆழம் குறைகிறது, புள்ளி கூடுகிறது. தண்ணீர் துளியாகத் தெரிய வேண்டாம், கோடாகப் பாய்ந்தால் போதும் என்று எண்ணினால் 1/30 விநாடியில் வைத்து, சுரணையைக் குறைத்து, புள்ளியின்றி எடுக்கலாம். எது அழகு என்பதைக் காமிரா சொல்லாது.

எல்லாவற்றையும் காமிராவே பார்த்துக்கொள்ளும் ‘ஆட்டோ’ இருக்கும்போது இத்தனை சரித்திரமும் எதற்கு என்று கேட்கலாம். அந்த யந்திரம் எப்படிச் சிந்திக்கிறது என்று தெரிந்தால் விடை கிடைக்கும். எதிரில் உள்ள காட்சி முழுவதையும் சராசரியாக்கினால் நடுத்தரமான சாம்பல் நிறம் வரும் என்பது மீட்டரின் அனுமானம். எண்ணெய் பூசிய கருங்கல் விக்கிரகத்தின் எதிரே நிறுத்தினால், இருட்டாயிருக்கிறதே என்று அளவுக்கு மிஞ்சி வெளிச்சத்தை விட்டு விக்கிரகத்தைச் சாம்பலாக்கும். சலவை வேஷ்டி கட்டிய பெரியவர்கள் வரிசையாக நிற்கும் கல்யாணக் கூட்டத்தின் எதிரே நிறுத்தினால், வெளிச்சம் மிகுதி என்று எண்ணிக் குறைத்து வேஷ்டியை அழுக்காக்கும். கல் கறுப்பு, வேஷ்டி வெளுப்பு என்பது படம் எடுப்பவனுக்குத் தெரியும், யந்திரத்துக்குத் தெரியாது. கல்லுக்கு ஒரு படி குறைத்தும் வேஷ்டிக்கு ஒரு படி கூட்டியும் எடுக்க வேண்டும் என்ற இந்தச் சிறு திருத்தத்தை, பழைய ஸ்டூடியோக்காரர் மீட்டர் இல்லாமலே தம் அநுபவத்தால் செய்தார். விளாங்குடி மாணவன் முதலில் பழக வேண்டியதும் இதுதான்: காமிரா காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டு, அது சரிதானா என்று எதிரில் உள்ள பொருளையே கேட்பது.